பின்னால் நீட்டிய கை

இலண்டன் இல்ஃபோர்ட்டில் நான் அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரி ஒரு ஜேர்மன் பெண். அவரை நினைத்தால் எனக்கு முகம் முதலில் வருவதில்லை. ஒரு கைதான் வருகிறது. உள்ளங்கை பின்பக்கம் பார்த்து விரிந்து, பெருவிரல் தனியே விலகி, இடுப்புக்குச் சற்று மேலே காற்றில் நிற்கிற கை. கைக்குரியவர் முன்னால் பார்த்தபடி நடந்துகொண்டிருப்பார். கொஞ்சம் பின்தள்ளிக் கட்டையான, கறுத்த மனிதர் ஒருவர் வருவார். அவர் இரண்டு எட்டு ஓடி வந்து, கடையில் வாங்கிய முருங்கைக்காய்க் கட்டொன்றை அந்தக் கையில் வைத்து, "ஹெப்!" என்று சத்தம் போடுவார். கை மூடிக்கொள்ளும். நடை நிற்காது. தலை திரும்பாது.

அந்தத் தெருவுக்கு அது பழகிப்போன காட்சி. சைக்கிள் ஓடும் பிள்ளைகள் தங்களுக்குள் சொக்லேட் கொடுத்து வாங்கும்போதும் "ஹெப்!" என்று கத்துவார்கள். அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது.

எல்லோருக்கும் அவர் ஜேர்மன் அன்ரி. இளம் வயதில் நூறு மீற்றர் ஓடியவர். நான்கு பெண்கள் ஒரு கோலைக் கைமாற்றி ஓடும் அஞ்சலோட்டத்தில் மூன்றாவதாக, வளைவில் ஓடுகிறவர். கோலைக் கொண்டு வருகிறவள் நெருங்கியதும் "ஹெப்!" என்று குரல் கொடுப்பாள். முன்னால் ஓடத் தொடங்கியவள் அந்தக் குரலுக்குக் கையைப் பின்னால் விடுவாள். திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் வேகம் செத்துவிடும். ஓட்டத்தில் இருந்த இந்த ஒழுங்கு அவர்களுடைய குடும்பத்துக்குள் வந்தபோது கொஞ்சம் மாறியிருந்தது. கை முதலிலேயே பின்னால் போய்விடும். சத்தம் வந்த பிறகுதான் மூடும்.

அந்தக் கட்டையான மனிதர் அவருடைய கணவர். யாழ்ப்பாணத்தவர். அகதியாக ஜேர்மனிக்குப் போய், அங்கே இவரைக் கல்யாணம் செய்து, பிறகு இரண்டு பேருமாக இலண்டனுக்கு வந்தவர்கள். பிள்ளைகள் இல்லை. கீழ் அறையில் அங்கிளின் மூத்த சகோதரி இருந்தார். அங்கிள் அவரை அக்காச்சி என்பார். அதனால் வீட்டுக்கு வருகிற தபால்காரனைத் தவிர மற்ற எல்லோருக்கும் அவர் அக்காச்சிதான். மேலே சின்ன அறையில் நான்.

நான் மன்னார்ப் பக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள். படிக்க இலண்டனுக்கு வந்த முதல் கிழமை, நிலையத்துக்கு வெளியே அன்ரியைக் கண்டு, "அன்ரி, அன்ரி" என்று பின்னாலிருந்து கூப்பிட்டேன். அவர் போய்க்கொண்டே இருந்தார். வாடகைக்கு இருக்கிறவனோடு தெருவில் கதைத்தால் மரியாதை குறைந்துவிடுமாக்கும் என்று நினைத்து, அன்று மாலை மேலே போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். அவர் கதவைத் தட்டி, "கோதாரி, ஏன் சாப்பிடேல்லை?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழை அங்கிள் ஒருவரிடமே கற்றவர் அவர். அதனால் அவருடைய தமிழ் முழுக்க ஒரு யாழ்ப்பாணத்து ஆம்பிளையின் தமிழ். சட்டி விழுந்தால் கோதாரி. பேருந்து நிற்காமல் போனால் "நாசமாப் போவான்".

"பின்னால கூப்பிட்டால் நான் திரும்ப மாட்டன். முன்னால ஓடி வா, இல்லாட்டில் பேசாமல் வா," என்றார். அதோடு விஷயம் முடிந்தது.

திரும்பிப் பார்க்காமை அவருடைய உடம்பு முழுதும் இருந்தது. பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்க்கமாட்டார். வீட்டில் பழைய படங்கள் இல்லை. கார் ஓடப் பழகப் போனவர், தோளுக்கு மேலால் பின்னால் பார்க்கச் சொன்னதும் இறங்கி வந்துவிட்டாராம். அங்கிள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அக்காச்சி சிரிக்கமாட்டார்.

"தாய் தேப்பன்ர படம்கூட இல்லாத வீடு," என்பார் என்னிடம், அன்ரிக்குக் கேட்கும்படியாகவே. "கல்லு, தம்பி. நெஞ்சில கல்லு."

அக்காச்சிக்கு அங்கிள் போடும் சத்தத்தின்மேலும் கோபம். வெளியே புறப்பட்டுப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. போகிற காரியம் கெட்டுவிடும் என்பது அவருக்கு வேதம். இங்கேயோ, அன்ரி வாசலைத் தாண்டும்போதெல்லாம் கை பின்னால் வரும். அங்கிள் குடையையோ சாவியையோ கொண்டு ஓடுவார்.

"ஹெப்!"

"டேய் தம்பி, போறவளைப் பின்னால கூப்பிடாதை எண்டு அம்மா உனக்குச் சொல்லித் தரேல்லையே?"

"கூப்பிட்டால்தான் அக்காச்சி இவள் போவாள்."

"அவளுக்குக் கழுத்தென்ன இரும்பே? மனுசன் இளைச்சு இளைச்சு ஓடி வாறான். ஒருக்கால் திரும்பிப் பாத்தால் கிரீடம் விழுந்திடுமோ?"

"விழும் மச்சாள்," என்று வாசலுக்கு வெளியிலிருந்து பதில் வரும். தலை திரும்பியிராது.

நான் வந்த அடுத்த கோடையில், யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பழைய மாணவர்கள் விளையாட்டு விழா வைத்தார்கள். பெரிய பச்சை வெளி. கூடாரத்துக்குள் ரோல்ஸும் தேத்தண்ணியும். ஒலிபெருக்கியில் ஒருவர் காலையிலிருந்து ஓயவில்லை. "அடுத்தது ஐம்பது வயசு தாண்டின அம்மாமாருக்கான அஞ்சலோட்டம்! சேலையைச் செருகிக்கொண்டு வாங்கோ! வயசுக்கு ஒருத்தரும் அத்தாட்சி கேக்க மாட்டம்!" சிவப்பு இல்லத்து அணிக்கு ஒரு ஆள் குறைந்தது. அங்கிள்தான் அன்ரியைப் பிடித்துத் தள்ளிவிட்டார்.

மற்ற அன்ரிமார் எல்லோரும் கோல் வருகிற திசையைப் பார்த்துத் திரும்பி நின்று, பிள்ளையைத் தூக்கக் காத்திருப்பதுபோல இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார்கள். இவர் மட்டும் முதுகைக் காட்டி, உடம்பை மடித்து, முன்னால் பார்த்தபடி நின்றார். அவ்வளவு அசைவில்லாமல் ஒரு மனிதர் நின்று நான் கண்டதில்லை. அந்த வெளியில் காற்று எல்லாவற்றையும் ஆட்டிக்கொண்டிருந்தது. கூடாரத் துணி, கொடிகள், சேலைத் தலைப்புகள். அவரை மட்டும் அது தொடாமல் விலகிப் போவதுபோல இருந்தது.

"சிவப்பு இல்லத்து அன்ரி, அங்கால இல்லை, இஞ்சால பாருங்கோ! கோல் பின்னால வருது!" ஒலிபெருக்கி கத்தியது. சனம் சிரித்தது.

இரண்டாவதாக ஓடிய பெண் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். அவருக்கு அந்தச் சத்தம் தெரியாது. "எடியே, இந்தா, இந்தா!" என்று அவர் கத்தியும் பின்னால் கை வரவில்லை. அப்போதுதான் அங்கிளைக் கண்டேன். சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, கையில் பாதி கடித்த ரோல்ஸோடு, பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தார். வாய் நிறையச் சாப்பாடு. "ஹெப்!"

கை பின்னால் போயிற்று. கோல் அதில் விழுந்தது.

அதன் பிறகு நடந்ததை ஓட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறுபதைத் தாண்டிய பெண் ஒருவர் வளைவில் சாய்ந்து போனார். பாதம் புல்லில் பட்ட சத்தம் கேட்கவில்லை. தண்ணீருக்குள் மீன் திரும்புவதுபோல, உடம்புக்கு எலும்பு இல்லாததுபோல. சிரித்த சனம் சிரிப்பை நிறுத்தியது தெரிந்தது. யார் முதலில் நிறுத்தினார் என்று தெரியவில்லை. நான்காவது ஆளிடம் கோலைக் கொடுத்தவர் நிற்கவில்லை. வேகம் குறைந்து, நடையாகி, வெளியின் மறு ஓரத்தில் நின்ற மரங்கள்வரை போய்க்கொண்டே இருந்தார். பின்னால் சிவப்பு இல்லம் வென்றதென்று ஆர்ப்பரித்தார்கள். அவர் பார்க்கவில்லை.

"வெண்டதோ தோத்ததோ எண்டுகூடப் பாக்கேல்லை," என்றார் அக்காச்சி தேத்தண்ணிக் கோப்பையோடு. "தலைக்கனம்."

அங்கிள் ரோல்ஸின் மீதியை வாயில் போட்டுக்கொண்டு மரங்களின் பக்கம் நடந்தார்.

ஒரு மழைநாள் பின்னேரம், குசினியில் அன்ரி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அன்ரி, நீங்கள் ஒரு நாளும் திரும்பிப் பாத்ததில்லையோ?"

"ஒரு நாள் பாத்தனான்," என்றார்.

கத்தி நிற்கவில்லை.

"என்ர அணியில ரெண்டாவதா ஓடுறவள் என்ர சிநேகிதி. சின்ன வயசில இருந்து பள்ளிக்கூடத்தில பக்கத்து வாங்கு. பெரிய போட்டிக்கு எங்களை அனுப்புறதோ இல்லையோ எண்டு தீர்மானிக்கிற நாள் அது. சரியான சனம், சரியான சத்தம். நான் ஓட வெளிக்கிட்டிட்டன். அவளின்ர குரல் வரேல்லை. அவள் கத்தினவள்தான். எனக்குக் கேக்கேல்லை. திரும்பிப் பாத்தன்."

"கோல் விழுந்திட்டுதோ?"

"விழுந்தது. கோல் எல்லாருக்கும் விழும். அதை விடு." வெட்டிய வெங்காயத்தைக் கத்தியால் ஒதுக்கினார். "உடுப்பு மாத்துற அறையில அவள் என்னைப் பேசேல்லை. அழவும் இல்லை. சப்பாத்தைக் கழட்டிக்கொண்டு, 'நீ என்னை நம்பேல்லை' எண்டு சொன்னாள். அவ்வளவுதான். அதுக்குப் பிறகு அவள் என்னோட ஒரு சொல் கதைச்சதில்லை. நானும் போட்டிக்குப் போனதில்லை."

கண்ணில் தண்ணீர் இருந்தது. வெங்காயமாகவும் இருக்கலாம்.

போட்டிகளை விட்டாரே தவிர ஓட்டத்தை அவரால் விட முடியவில்லை. காலையில் தன் ஊர் மைதானத்தில் தனியாக ஓடுவாராம். அங்கே அகதி முகாமிலிருந்து ஒருவரை மைதானம் கூட்டவும் சுண்ணாம்புக் கோடு போடவும் விட்டிருந்தார்கள். கோடு போட்டு முடித்தாலும் போகாமல் நின்று பார்ப்பாராம். ஒரு நாள் இவர் அந்த ஆளின் கையில் கோலைக் கொடுத்து, சைகையால் காட்டி, பின்னால் ஓடி வரச் சொன்னார். ஒரே ஒரு சொல் சொல்லிக் கொடுத்தார்.

"பாட்டா செருப்போட ஓடி வந்தார்," என்றார் அன்ரி.

"செருப்பில்லை! சப்பாத்து! அண்டைக்குச் சப்பாத்துத்தான் போட்டிருந்தனான்!" என்று முன்னறையிலிருந்து அங்கிள் கத்தினார்.

"செருப்பு," என்றார் அன்ரி, சுவரைப் பார்த்தபடி. "டப்பு டப்பு டப்பு எண்டு கேட்டது. பிறகு அந்தச் சத்தம். சரியான இடத்தில, சரியான நேரத்தில. ஒரு சொட்டுப் பிந்தேல்லை. அண்டையில இருந்து ஒரு நாளும் பிந்தேல்லை."

எனக்கு அது விளங்கியது. என் அப்பா கரைவலை இழுக்கிறவர். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி பின்பக்கமாக நடப்பார்கள். காலுக்குப் பின்னால் பள்ளமோ கல்லோ தெரியாது. ஒருவர் குரல் எடுப்பார். அந்தக் குரலுக்குத்தான் எல்லாக் கால்களும் பின்னால் எட்டு வைக்கும். கண் இல்லாத பக்கத்தைக் குரல் பார்த்துக்கொள்ளும். இதை அன்ரியிடம் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முதன்முறையாக என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "உன்ர அப்பா நல்ல மூண்டாவது ஆள்," என்றார்.

ஞாயிறு காலைகளில் இரண்டு பேரும் பூங்காவுக்குப் போவார்கள். என் அறை யன்னலால் பார்த்தால் தெரு முனைவரை தெரியும். இலண்டனில் சில காலைகள் விடிந்தும் விடியாமலே நிற்கும். வெள்ளைப் பனிப்புகார் வேலிகளுக்கு மேலால் இறங்கி, வீடுகள் எல்லாம் கூரையில்லாமல் நிற்கும். அந்தப் புகாருக்குள் முதலில் அன்ரி மறைவார். நீட்டிய கை கொஞ்ச நேரம் தெரியும். பிறகு அங்கிள் மறைவார். யாருமில்லாத தெருவில் எங்கோ தூரத்தில், "ஹெப்!" என்று கேட்கும். நான் மறுபடி போர்த்திக்கொண்டு படுப்பேன். அந்தச் சத்தம் கேட்டால் அன்றைய நாள் சரியாக நடக்கும் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை வந்திருந்தது.

பிறகு அங்கிளின் கை நடுங்கத் தொடங்கியது. நடை சிறுத்தது. இந்த நடுக்க நோயில் குரலும் சிறுத்துப் போகும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். முதலில் "ஹெப்" ஒரு இருமல் அளவுக்கு வந்தது. பிறகு ஒரு மூச்சளவுக்கு. தெருவில் அவர்களுக்கிடையில் இருந்த தூரம் கூடிக்கொண்டே போயிற்று. அன்ரி நடையைக் குறைத்தார். அதையும் விடக் குறைத்தார். ஆனால் திரும்பவில்லை.

அக்காச்சி யன்னலடியில் நின்று பார்ப்பார். "பார் தம்பி, பார். என்ர சகோதரன் சுவரைப் பிடிச்சு நிக்கிறான். பெண்சாதி கையை நீட்டிக்கொண்டு கம்பீரமா நிக்கிறா. பிச்சை கேக்கிறாவோ?"

அது உண்மையாகவே நடந்தது. நிலையத்துக்கு முன்னால், சனம் நிறைந்த ஒரு சனிக்கிழமை. நான் வேலை முடிந்து வெளியே வருகிறேன். நடைபாதை நடுவில் அன்ரி நிற்கிறார். கை பின்னால் விரிந்திருக்கிறது. அங்கிளைக் காணவில்லை. அந்த வழியாகப் போன வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், நின்று யோசித்து, அந்தக் கையில் ஒரு காசை வைத்துவிட்டுப் போனார். விரல்கள் மூடவில்லை. காசு சரிந்து விழுந்து உருண்டு, தெருவோர வடிகானுக்குள் போயிற்று. அவருக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை.

நான் முன்னால் ஓடிப்போய், "அன்ரி, அங்கிள் வங்கிக்குப் பக்கத்தில மதில்கட்டில குந்தியிருக்கிறார்," என்றேன்.

"தெரியும். மூச்சு எடுக்கிறார். வருவார்."

"நான் போய்க் கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"வேண்டாம்." குரல் கொஞ்சம் உடைந்தது. "நான் திரும்பினால், வரமாட்டார் எண்டு நான் நினைச்சதா அவர் நினைப்பார்."

பேருந்துகள் வந்து போயின. சனம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. கடைசியில் அங்கிள் வந்தார். கையில் பேக்கரிப் பாண் ஒன்று மட்டும். வாய் அசைந்தது, பக்கத்தில் நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்ரியின் விரல்கள் மூடிக்கொண்டன.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, அங்கிளுக்குச் சாப்பாடு தீத்தும்போது அன்ரி முகத்தைப் பார்த்துத்தான் தீத்துவார். வாயைத் துடைத்து, தலை கோதிவிடுவார். அதை அக்காச்சி கணக்கில் எடுக்கவில்லை. தீத்தி முடிந்ததும் கதிரையை யன்னல் பக்கம் திருப்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையை மட்டும் பின்னால் கட்டிலில் மல்லாத்தி வைப்பார். அங்கிளின் விரல் ஊர்ந்து ஊர்ந்து வந்து அதில் ஏறும். வெளியே மரங்கள் இலையில்லாமல் நின்றன. ஒரு காலை அந்த விரல் வரவில்லை. தாதி வந்து தோளைத் தொடும்வரை அன்ரி அப்படியே இருந்தாராம்.

அன்று பின்னேரமே வீட்டில் கேள்வி எழுந்தது. கொள்ளி யார் வைப்பது?

நான் கத்தோலிக்கன், எங்கள் வேதத்தில் மண் போடுவதோடு முடிந்துவிடும். சைவர்களுக்கு அப்படியில்லை. பிள்ளை இருந்தால் பிள்ளை. இல்லாவிட்டால் உரிமையுள்ள ஓர் ஆண். அவர் குடம் சுமந்து பெட்டியைச் சுற்றி வந்து, பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்று, பின்புறமாக நெருப்பை வாங்கி, பின்புறமாகவே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். திரும்பிப் பார்த்தால் போகிற உயிருக்குப் போக மனம் வராது என்பார்கள். அக்காச்சியின் மகன் பாரிஸிலிருந்து வந்திருந்தான். மருமகன் முறை. அவன்தான் வைப்பான் என்று அக்காச்சி சொல்லிவிட்டார்.

"நான் வைக்கிறன்," என்றார் அன்ரி.

முன்னறையில் இருந்த சொந்தக்காரர் எல்லோரும் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்கள்.

"பொம்பிளை கொள்ளி வைக்கிறதோ?" அக்காச்சி ஊன்றுகோலைத் தரையில் குத்தினார். "அதுவும் நீர்? உயிரோட இருக்கேக்க ஒருக்கால் திரும்பிப் பாக்காதவ, செத்த பிறகு என்ன உரிமை கொண்டாடுறீர்?"

அன்ரி அவருக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார். "மச்சாள், அவர் இவ்வளவு காலமும் தந்தார். நான் வாங்கினன். என்ன தாறார் எண்டு நான் பாத்ததில்லை. கடைசியாத் தாறதையும் நான்தான் வாங்கோணும்." அக்காச்சியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "கொள்ளி வைக்கிற ஆள் திரும்பிப் பாக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே சொல்லுறீங்கள்? இந்த வீட்டில அது ஆரால ஏலும்?"

பாரிஸிலிருந்து வந்தவன்தான் முகத்தைப் பொத்திக்கொண்டு சொன்னான். "அம்மா, என்னால ஏலாது. மாமா என்னைத் தோளில வைச்சுத் திரிஞ்சவர். நான் திரும்பிப் பாத்திடுவன்."

அக்காச்சி எழுந்து கீழ் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஐயரைக் கேட்டபோது, "இந்த ஊரில இப்ப எத்தினை பொம்பிளைப் பிள்ளையள் செய்யினம்," என்று சாதாரணமாகச் சொன்னார்.

தகனச்சாலை மண்டபம் சின்னது. வெள்ளைச் சுவர், நீலத் திரை, எதிர்ப்பக்கம் தோட்டத்துக்குத் திறக்கும் கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே அன்றும் புகார். ஓரத்தில் மண்டப ஊழியர் ஒருவர் தீயணைக்கும் உருளையைக் காலடியில் வைத்துக்கொண்டு மரியாதையாக நின்றார். அன்ரி வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். தோளில் குடத்தோடு பெட்டியைச் சுற்றி வந்தார். ஐயர் சொன்ன இடத்தில் நின்றார்.

"பெட்டிக்கு முதுகைக் காட்டுங்கோ அம்மா. ஓம். கையைப் பின்னால விடுங்கோ."

கை பின்னால் போயிற்று. உள்ளங்கை விரிந்து, பெருவிரல் விலகி, இடுப்புக்குச் சற்று மேலே. அந்தத் தெருவில் நான் எத்தனையோ தரம் கண்ட கை.

ஐயர் சந்தனக் குச்சியின் நுனியில் கற்பூரத்தைப் பற்ற வைத்து, மறுமுனையை அந்தக் கையில் வைத்தார். விரல்கள் மூடவில்லை. குச்சி சரிந்தது. ஐயர் பிடித்துக்கொண்டார்.

"பிடியுங்கோ அம்மா."

மறுபடி வைத்தார். விரல்கள் மூடவில்லை.

"மாமி, பிடியுங்கோ," என்றான் பாரிஸிலிருந்து வந்தவன், அழுகைக்கிடையில். பின்வரிசையில் யாரோ, "வெள்ளைக்காரிக்கு விளங்கேல்லைப் போல," என்று மெல்லச் சொன்னார்கள். உருளைக்காரர் ஓர் எட்டு முன்னால் வந்தார். கற்பூரம் எரிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

நான் பக்கவாட்டு வரிசையில் இருந்தேன். எனக்கு அவருடைய முகம் தெரிந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பாலிருந்த வெண்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. ஐயர் சொன்னதும் கேட்டது. கையை மூட வேண்டும் என்றும் தெரிந்தது. கைதான் கேட்கவில்லை. அந்த முகம் ஒரே ஒரு சத்தத்துக்காகக் காது கொடுத்து நின்றது. அந்தச் சத்தத்துக்குரிய மனிதர் அவருக்குப் பின்னால் பெட்டிக்குள் கிடந்தார். அன்ரியின் கழுத்தில் நரம்பு ஒன்று துடித்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அந்தத் தலை திரும்பிவிடும் என்று எனக்குப் பட்டது. என் தொண்டைவரை அந்தச் சொல் வந்தது. ஆனால் அதை எடுக்க எனக்கு என்ன உரிமை?

முன்வரிசையில் ஊன்றுகோல் தரையில் தட்டுப்பட்டது. அக்காச்சி எழுந்து நின்றார். வாயை ஒரு தரம் திறந்து மூடினார்.

"ஹெப்!"

கீறல் விழுந்த குரல். ஆனால் தம்பியின் குரலுக்கு அக்காதான் என்று யாருக்கும் தெரியும்.

விரல்கள் மூடிக்கொண்டன. அன்ரி நெருப்பைப் பின்புறமாகவே கொண்டுபோய், பெட்டியின் தலைமாட்டுத் தட்டில் இருந்த சந்தனக் குவியலில் தொட்டார். ஐயர் குச்சியை வாங்கிக்கொண்டார். அன்ரி நடந்தார். கண்ணாடிக் கதவு திறந்தது. தோள் ஒரு தரமும் குலுங்கவில்லை. தலை திரும்பவில்லை. வெள்ளைச் சேலை வெள்ளைப் புகாருக்குள் கரைந்துகொண்டு போயிற்று.

வெளியே நல்ல குளிர். கதிரையில் கிடந்த அவருடைய மேலங்கியைத் தூக்கிக்கொண்டு, "மாமி!" என்று கூப்பிடப்போன மகனின் கையை அக்காச்சி எட்டிப் பிடித்தார்.

"கூப்பிடாதை," என்றார். "போறவளைப் பின்னால கூப்பிடக்கூடாது. முன்னால ஓடிப்போய்க் குடு."